தொடாத காபி

வீட்டுக்காரர் அபூ ராக்கான் நீட்டிய காபியை முஃதஸிம் குடிக்காமல் கீழே வைத்தான். கேட்க வந்தது கிடைத்தால்தான் குடிப்பது என்பது ஜோர்டான் வழக்கம்.

“சொல்லு, என்ன வேணும்?”

“வீடு புடிச்சிருக்கு, அபூ ராக்கான். ஆனா வாடகைக்கு செக்கு மட்டும் கேக்காதீங்க. ஒரு தடவை செக்கு திரும்பினதுல பேங்க்ல என் பேரு கெட்டுப்போச்சு. மூணு புள்ளைங்களோட மச்சான் வீட்டுல ஒண்டிக்கிட்டிருக்கேன்.”

அவர் மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“சரி, செக்கு வேணாம். குடி.”

ஒரே மடக்கில் குடித்து நிமிர்ந்தவன் அப்போதுதான் பார்த்தான். அவருடைய கோப்பையும் நிரம்பியே இருந்தது.

“நீங்க குடிக்கலையா?”

“நீ சரின்னு சொன்னாத்தானே குடிக்க? வாடகையைக் கையிலயே குடுத்துடுப்பா. பேங்க்ல போட்டா என் கடனுக்குன்னு பேங்க்காரனே புடுங்கிக்குவான். என் பேரு அங்க உன்னுதைவிட நாறிக் கெடக்கு.”