தணிகாசலத்தின் சம்மதம்

நகர வரலாற்றிலேயே முதன்முறையாக, மெட்ரோ பாதை குறித்த கருத்துக்கேட்புக் கூட்டங்களில் மக்கள் அனைவரும் பங்கேற்கிறார்கள். யாரும் நேரில் போக வேண்டாம். அவரவர் பேச்சைக் கேட்டுப் பழகிய இயந்திரப் பிரதிநிதியே பேசிவிடும்.

அயனாவரம் தணிகாசலத்தின் பிரதிநிதியும் பேசியது. பாதை அவர் வீட்டு வழியே போகலாமா என்று கேட்டதற்கு, “பரவாயில்ல சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்றதாம்.

“இருபது வருசமா உங்க வாயில வேற வார்த்தை வந்திருந்தாத்தானே?” என்றாள் மனைவி வேதவல்லி. இடிப்பு நோட்டீஸை அவர் கையில் திணித்தாள். “போய் முடியாதுன்னு சொல்லிட்டு வாங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள்.”

வழியெல்லாம் “முடியாது” என்று சொல்லிப் பழகிக்கொண்டே போனார்.

மெட்ரோ அலுவலகக் கவுன்டரில் இருந்த பெண், “சாப்பிடப் போறேன் சார், நாளைக்கு வர்றீங்களா?” என்றாள்.

“பரவாயில்லம்மா” என்றார் தணிகாசலம்.

வீட்டை வியாழக்கிழமை இடித்தார்கள்.