முகுந்தனின் முதல் வாரம்

வரதராஜனுக்கு அந்த வாரம் முழுக்க ஆபீசில் இருப்புக்கொள்ளவில்லை. பேச்சும் நடையும் தடுமாறும் மகன் முகுந்தனை, திங்களன்றுதான் மல்லேஸ்வரத்தில் ஊனமுற்ற வயதுவந்தோருக்கான பகல்நேர மையத்தில் விட்டிருந்தார். இருபத்தாறு வயதில் இது அவனுக்கு மூன்றாவது இடம். முந்தைய இரண்டிலும் ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"இன்னிக்கு என்னடா பண்ணினே?" என்று தினமும் கேட்டார்.

திங்களன்று மெழுகுவத்தி, செவ்வாயன்று காகித உறை, புதனன்று பாட்டு என்றான். வியாழனன்று, "ஒருத்தர் ஓன்னு அழுதார். கையைப் பிடிச்சுண்டு கூடவே இருந்தேன்," என்றான்.

"உன் வேலையை விட்டுட்டா? மிஸ் திட்டலையா?"

அவன் சிரித்தான்.

வெள்ளியன்று மையத்திலிருந்து போன் வந்தது. வரதராஜன் பதறிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார்.

"மேடம், இன்னும் ஒரு மாசம் பாருங்கோ. கத்துப்பான்," என்று நிர்வாகி சுமித்ராவிடம் கெஞ்சினார்.

"அவர் கத்துக்க வரலையே சார்."

"பின்னே?"

"திங்கக்கிழமை நீங்க போனதும், எனக்கு இங்க வேலை குடுங்கன்னு கேட்டார். ஒரு வாரம் உதவியாளரா வெச்சுப் பார்த்தோம். இன்னிக்கு ஆர்டர் குடுத்தாச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நான் சொன்னா அப்பா நம்பமாட்டார், நீங்க சொல்லுங்கன்னு அவர்தான் போன் பண்ணச் சொன்னார்."