டிக்கிக்குள் ஒரு பிட்

இந்த வீட்டின் வரலாற்றில் பொறித்து வைக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு: வெள்ளிக்கிழமை காலையும் அதிகாரியின் கார் கிளம்பவில்லை.

அதிகாரி என்றால் ஏதோ ஃபைலில் கையெழுத்துப் போட்டவர் இல்லை. பரீட்சை ஹாலுக்குள் திடீரென்று நுழைந்து, காப்பி அடிக்கும் பையன்களை அமுக்கும் பறக்கும் படைக்கே தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டை மடிப்பிலும் சாக்ஸுக்குள்ளும் ஒளித்து வைத்த பிட் பேப்பரை வாசலில் நின்றே மோப்பம் பிடித்துவிடுவார் என்று பெயர். பெயர் வைத்தவரும் அவரே. ஒரு ஹாலுக்கு ஒருவனைப் பிடித்தால் போதும், மற்றவர்கள் தானாகத் திருந்திவிடுவார்கள் என்பது அவர் கொள்கை.

வேலையில் இருந்தவரை பின் சீட்டில் சாய்ந்துகொண்டு டிரைவர்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். ஓய்வு பெற்றதும் முன் சீட்டுக்கு வந்தார். போன மாதம், அவர் ரிவர்ஸ் எடுத்த நேரம் பார்த்து, கேட் தூண் பின்னாலிருந்து வந்து மோதியது. பக்கத்து வீட்டுப் பூந்தொட்டிகளும் அவருக்கு வழிவிடும் நாகரிகம் தெரியாதவையாக இருந்தன.

அதே வாரத்தில்தான் குடும்பத்தோடு மலைக்குப் போகும் திட்டத்தை அறிவித்தார். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் தானே ஓட்டப்போவதாகச் சொன்னபோது, ஹாலில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பூரிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

அப்போதிலிருந்துதான் பேட்டரி தீர ஆரம்பித்தது. சார்ஜ் ஏற்றினால் இறங்கியது. புது பேட்டரி மாட்டினால் அதுவும் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் பாக்கி. கார் கிளம்பாவிட்டால் மலை இல்லை. மலை இல்லாவிட்டால் மானம் இல்லை.

மெக்கானிக் மீட்டரை மாட்டி, ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். டிக்கி விளக்கின் ஃப்யூஸைப் பிடுங்கியதும் முள் கீழே விழுந்தது. டிக்கியைத் திறந்து, பூட்டுப் பக்கம் விரலை விட்டு, எட்டாக மடித்த பேப்பர் ஒன்றை உருவினார்.

"மூடி நல்லா அழுந்தினாத்தான் சார் உள்ள இருக்கிற லைட் அணையும். இந்தப் பேப்பர் அழுந்த விடல. லைட்டு ராப்பகலா எரிஞ்சிருக்கு. இதை யாராவது எதுக்கு வச்சிருப்பாங்கன்னா..."

அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார். பிட் விஷயத்தில் அவருக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. இதே மடிப்பை எத்தனை சாக்ஸில் பார்த்திருக்கிறார்! பிரித்தார். பாதி நிரப்பிய குறுக்கெழுத்துப் போட்டி. பச்சை மை.

வீட்டில் பச்சை மையில் குறுக்கெழுத்து போடுகிற ஒரே ஆள் மனைவியின் தம்பி. மாற்றலாகி வந்து மாடி அறையில் இருப்பவர்.

விசாரணை ஹாலில் கூடியது. மனைவி, மகள், மாமியார் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். மைத்துனர் நடுவில்.

"பேப்பர் என்னோடதுதான் மாமா. தெரிஞ்ச வரைக்கும் போட்டுட்டு டீப்பாய் மேல வச்சிடுவேன். யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாம்."

"சர்வீஸ் முழுக்க இதே பதிலைத்தான் கேட்டேன்" என்றார் அதிகாரி. பிறகு குரலைத் தாழ்த்தி, ஹால் டிக்கெட்டைப் பறிக்கும் முகத்தோடு தீர்ப்பைச் சொன்னார். "இதைச் செஞ்சவங்களுக்கு ஞாயித்துக்கிழமை கார்ல இடம் கிடையாது."

மைத்துனர் அக்காவைப் பார்த்தார். சீலிங்கைப் பார்த்தார்.

"நான்தான் மாமா."

அதிகாரியின் மார்பு விரிந்தது. ஆனால் கேஸ் அங்கே முடியவில்லை.

"அவனுக்கு ஒரு துணி மடிக்கத் தெரியாதுங்க" என்றாள் மனைவி. "மடிச்சுக் குடுத்தது நான்."

மகள் தான் காவலுக்கு நின்றதாகச் சொன்னாள். மாமியார் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "யோசனையே என்னோடதுதான் மாப்பிள்ளை. வயசைப் பார்த்து விட்டுடாதீங்க."

பூந்தொட்டிகளுக்கு ஈடாக மலைக்கு அழைக்கப்பட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, டார்ச் அடித்தது தான்தான் என்றார்.

அதிகாரிக்குப் புல்லரித்தது. மொத்த ஹாலும் ஒரே நேரத்தில் ஒப்புக்கொண்டது அவர் சர்வீஸிலேயே நடக்காத விஷயம். எல்லோருக்கும் ஒரே தண்டனை என்றார். ஒருவரும் கருணை கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அவரவர் அறைக்குப் போனார்கள். தோள்கள் குலுங்கின. அழுகிறார்கள் என்று நினைத்து, சற்று இளகினார். ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை கார் ஒரே திருப்பலில் கிளம்பியது. அதிகாரி தனியாக உட்கார்ந்திருந்தார். குடும்பம் தூணிலிருந்து நன்றாகத் தள்ளி நின்று கையசைத்தது.

நேர்மை என்பது ரத்தத்திலேயே இருக்கவேண்டும், இந்தக் குடும்பத்தில் தன்னைத் தவிர யாருக்கும் அது இல்லை என்று வருந்தியபடி ஓட்டினார். மலைப்பாதை தொடங்கியதும் பின்னால் டக் டக்கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தார். தூண் மோதிய நாளிலிருந்து சரியாகப் பொருந்தாத டிக்கி மூடி ஆடிக்கொண்டிருந்தது.

பக்கத்து சீட்டில் கிடந்த பேப்பரில் பாதித் தாளைக் கிழித்தார். எட்டாக மடித்தார். பூட்டுப் பக்கம் செருகி, மூடியை அமுக்கினார். சத்தம் நின்றது.

போன மாதமும் அது இப்படித்தான் நின்றது.