கதவுக்குத் தெரியாத உறவு

“அப்பான்னு கூப்பிடச் சொல்லி அவளை வற்புறுத்தாதீங்க. அவளா கூப்பிடட்டும்,” என்று கல்யாணமான புதிதில் சாருமதி சொன்னாள்.

“நான் வாயே திறக்கமாட்டேன், போதுமா?” என்றான் தயாபரன்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. சாருமதியின் மகள் இதழினிக்கு இப்போது ஐந்து வயது. அம்மா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளும் அவனை “என்னங்க” என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டாள். வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் தயாபரன் அவளை மட்டும் அழைத்துப்போன, நகரத்தின் பெரிய விளையாட்டுப் பூங்காவில் அது செல்லுபடியாகவில்லை. கூட வந்த பெரியவர் யார் என்று குழந்தையே வாயால் சொன்னால்தான் அங்கே இருந்த பேசும் தானியங்கிக் கதவு திறக்கும்.

“உன்னுடன் வந்திருப்பவர் யார்?” என்று கதவு கேட்டது.

“என்னங்க!” என்றாள் இதழினி பெருமையாக.

“அப்படி ஓர் உறவு இல்லை.”

வரிசை கொல்லென்று சிரித்தது. காவலுக்கு நின்ற பெண் குனிந்து, “அப்பான்னு சொல்லிடு பாப்பா, திறந்துடும்,” என்றாள்.

இதழினி உள்ளே தெரிந்த உயரமான சறுக்குமரத்தைப் பார்த்தாள். அவள் உதடு பிரிவதற்குள் தயாபரன் அவளைத் தூக்கிக்கொண்டு, கதவின் காதுக்கு எட்டாத தூரம் வரை விறுவிறுவென்று நடந்தான்.

“என்னங்க, சறுக்குமரம்?” அவளுக்கு அழுகை முட்டியது.

“ஏறாம வீட்டுக்குப் போகமாட்டோம்டா கண்ணு.” அவளை இறக்கிவிட்டு எதிரே மண்டியிட்டான். இரண்டு வருடமாக விழுங்கியதை இனியும் விழுங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டான். “ஆனா கதவுக்காக வேண்டாம். எனக்காக, என்னை அப்பான்னு கூப்பிடுறியா?”