மகனுக்குப் போட்ட இலை

தெய்வநாயகத்துக்கு வயது நூற்றுப் பத்தொன்பது. பாதி ஆயுளுக்கும் மேலாகக் காலையில் ஒரு கிண்ணம் கஞ்சி, ராத்திரி நாலு வாய் காய்கறி, அவ்வளவுதான் சாப்பாடு. உடம்பில் ஒரு நோய் கிடையாது. வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிட்ட மகன் குமரவேல்தான் எண்பத்திரண்டு வயதில் போய்விட்டான்.

பதினாறாம் நாள் மருமகள் பவளம், குமரவேலின் படத்துக்கு முன்னால் இலை போட்டு ஆட்டுக்கறிக் குழம்பும் வடையும் படைத்தாள். வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் தெய்வநாயகத்தைப் போலவே ஆயுளை நீட்ட வாயைக் கட்டிய அளவுச் சாப்பாட்டுக்காரர்கள். கும்பிட்டார்கள், தண்ணீர் குடித்தார்கள், கிளம்பிவிட்டார்கள்.

தெய்வநாயகம் மகனின் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"வேண்டாம் மாமா, டாக்டர் சத்தம் போடுவாரு."

"கூட உக்காந்து சாப்பிடுங்கப்பான்னு எத்தனை தடவை கூப்பிட்டான். அப்புறம் பாத்துக்கலாம்னே சொல்லிக்கிட்டு இருந்துட்டேம்மா."

சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார். இரண்டு கவளம்கூட உள்ளே போகவில்லை, வயிறு அடைத்துக்கொண்டது.

"இன்னும் முப்பது வருஷம் தாங்குவேனாம்," என்றார் களைத்துப்போய். "அத்தனையும் வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

பவளம் பக்கத்தில் தனக்கும் ஓர் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.