கிம்ச்சிப் போத்தல்

"இந்த றுஷ்தாவுக்குக் கொஞ்சமும் வெக்கம் இல்லையே?"

ஜன்னலால் பார்த்தபடி கேட்டாள் இன்பமலர்.

எதிர்வீட்டிலிருந்து றுஷ்தா வெளியே வந்துகொண்டிருந்தாள். இன்றைக்கும் கையில் ஒரு கிம்ச்சிப் போத்தல்.

எதிர்வீட்டுக்காரி யுன்ஹி, கொரியாவிலிருந்து வந்தவள். கணவனுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. ஞாயிறுதோறும் அயல் பெண்களைக் கூப்பிட்டுத் தன் ஊர்ச் சமையலைக் காட்டிக்கொடுப்பதில் அவளுக்கு அப்படியொரு ஆசை.

முதல் கிழமை வீடு கொள்ளாத கூட்டம். கோவா இலையில் மிளகாய்த்தூளும் உள்ளியும் பூசிப் புளிக்கவைத்த கிம்ச்சியை எல்லாரும் வாயில் வைத்துப் பார்த்தார்கள்.

அடுத்த கிழமை எல்லாருக்கும் ஏதோவொரு வேலை வந்துவிட்டது. இன்பமலருக்குக் கால் உளைவு.

றுஷ்தா மட்டும் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போனாள். வீட்டுக்கும் வேணும் என்று கேட்டே வாங்கினாள்.

"அடுத்த கிழமை முள்ளங்கி செய்வம்!" கேற்றடியில் நின்று யுன்ஹி உற்சாகமாகக் கையசைத்தாள்.

"பாத்தீங்களா? ஓசி எண்டா போதும், சிலருக்கு எல்லாம் ருசிதான்." இன்பமலர் கணவனிடம் சொன்னாள்.

யேசுரட்ணம் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "உமக்கும் வேணுமெண்டா போய்க் கேளும்."

அன்று பின்னேரம் வீட்டில் தேசிக்காய் முடிந்துபோக, இன்பமலர் றுஷ்தாவிடம் போனாள்.

"பிரிட்ஜுக்குள்ள கிடக்கு அக்கா, எடுங்க. என்ட கையெல்லாம் மா."

இன்பமலர் திறந்தாள். தேசிக்காயைக் காணவில்லை. தட்டு முழுக்கக் கிம்ச்சிப் போத்தல்கள். ஒன்றின் மூடிகூடத் திறந்தபாடில்லை.

"என்ன இது? நீங்க சாப்பிடுறேல்லையா?"

"எனக்கு ஏலாது அக்கா. அந்த மணத்துக்கே வயித்தைப் பிரட்டும். அங்க அவ முன்னால ஒரு மாதிரி விழுங்கிப்போட்டு வருவன்."

"அப்ப என்னத்துக்குக் கேட்டு வாங்குறீங்க?"

றுஷ்தா மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"குவைத்துல வீட்டு வேலைக்கு நிண்டனான் எல்லோ. ஒரு பெருநாளைக்கு அந்த வீட்டாக்களுக்கு ஆசையா வட்டிலப்பம் அவிச்சன். எங்கட ஊர்ச் சாப்பாடு எண்டு சொல்லி மேசையில வச்சன். ஒருத்தரும் தொடல்ல."

"பிறகு?"

"பிறகென்ன அக்கா, குசினிக்குள்ள தனிய இருந்து முழுச் சட்டியையும் நான்தான் திண்டனான்."