தலைக்கு மேல் பச்சை

“சிக்னல்ல சிவப்பு அம்பைப் பாத்தீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல!”

நீதிபதி அதட்டியதும், கூண்டில் நின்ற கண்ணாடிக்காரர் பளிச்சென்று சிரித்தார். “நல்லாப் பாத்தேங்க ஐயா. பாத்துட்டுத்தான் இடது பக்கம் திரும்பினேன்.”

எதிரே நின்ற போக்குவரத்துப் பெண் காவலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று காலை ஆஸ்பத்திரி முனையில் பிடித்தபோதும் இதே சிரிப்புதான். ரோட்டில் ஈ காக்கை இல்லை. காவலரின் பார்வை தன் மேல் விழும்வரை காத்திருந்து, சிவப்பு அம்பில் சாவகாசமாகத் திரும்பி, ஓரங்கட்டி, கேட்பதற்கு முன்பே லைசென்ஸை நீட்டிய மனிதர் இவர். என்ன கொழுப்பு! லைசென்ஸை முடக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தார் காவலர்.

“தெரிஞ்சே செஞ்சா லைசென்ஸ் ஆறு மாசத்துக்குப் போயிடும். புரியுதா?” என்று எச்சரித்தார் நீதிபதி.

“புரியுதுங்க. அதுக்கு முன்னாடி மேடத்துக்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டுக்கறேனே.”

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தார்.

“மேடம், இடது பக்கம் திரும்புற லேன்ல நின்னா, தலைக்கு நேர் மேல எந்த லைட் தொங்குது?”

“வட்ட லைட். நேராப் போறவங்களுக்கானது.”

“திரும்புறவங்களுக்கான அம்பு?”

“அது... தள்ளி, ஓரத்துக் கம்பத்துல இருக்கு.”

“அப்போ மேல வட்டம் பச்சையானா, திரும்ப நிக்கிறவன் என்ன பண்ணுவான்?”

காவலருக்கு அந்த முனை கண்முன் வந்தது. என்ன பண்ணுவான்? பச்சை தனக்குத்தான் என்று நினைத்துத் திரும்புவான். அதே நேரத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிறவர்களும் ரோட்டைக் கடப்பார்கள். ஊன்றுகோலோடு வந்தவர்களை எத்தனை முறை அவரே கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்! பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“திரும்பிடுவாங்க ஐயா. ட்யூட்டிக்கு வந்த முதல் நாள்... நானே திரும்பிட்டேன்.”

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. நீதிபதி மேஜையைத் தட்டிவிட்டு, தானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு உத்தரவைச் சொன்னார்.

“ஒரு வாரத்துக்குள்ள அம்புப் பெட்டி, திரும்புற லேனுக்கு நேர் மேல வரணும். வட்டப் பெட்டியை நேராப் போற லேனுக்கு மேல தள்ளி மாட்டணும். இவருக்கு அபராதம் மட்டும் போதும்.”

கண்ணாடிக்காரர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தார். விளையாட்டில் ஜெயித்த சின்னப் பிள்ளை கெட்டது போங்கள்! காவலருக்கும் தோற்றுவிட்டதாகத் தோன்றவில்லை. இனி அந்த முனையில் யாரையும் இழுத்துக் காப்பாற்ற வேண்டாம். அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

“அது சரி,” நீதிபதி பேனாவை மூடினார். “இப்படி இடம் மாத்தி மாட்டின புத்திசாலி யாருய்யா? கூட்டிட்டு வாங்க, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்.”

“கேளுங்க ஐயா, அந்தப் புத்திசாலி இன்ஜினீயர் நான்தான்,” என்றார் கண்ணாடிக்காரர். “கோர்ட் உத்தரவில்லாம அதைத் தொடவே கூடாதுன்னு ஆபீஸ்ல கையை விரிச்சுட்டாங்க; கோர்ட்டுக்குள்ள வர எனக்கு வேற வழி தெரியலைங்க!”